பார்க்கும் பெட்டியும் பார்க்கப்படும் வீடும்

ஓவியத்தை நாம் பார்க்கிறோம். ஓவியம் நம்மைப் பார்ப்பதில்லை. நூலைப் படிக்கிறோம்; எந்தப் பக்கத்தில் நாம் நின்று பெருமூச்செறிந்தோம் என்பதை அந்நூல் தன்னை அச்சிட்டவரிடம் திரும்பிச் சென்று உரைப்பதில்லை. கூத்துக் களரியிலே நடிகன் சபையோரின் முகத்தைக் காண்பான் என்பது உண்மையே. ஆயினும் அங்கே சபையோரும் தாம் காணப்படுவதை அறிவர். காட்சிக்கும் காண்போருக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவந்த இந்த ஒழுங்கு நமது காலத்திலே, நமது வீட்டு மண்டபத்திலேயே, ஓசையின்றி மாறிவிட்டது. அதனை மாற்றிய கருவிக்கு ஸ்மார்ட் தொலைக்காட்சி என்று பெயர். அக்கருவியினால் விளையும் நன்மையையும், அதற்காக நாம் அறியாமலே செலுத்தும் விலையையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் 1979 ஆம் ஆண்டு சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 ஆம் ஆண்டு ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அக்காலத்துப் பெட்டி, கூரைக்கு மேல் நாட்டிய அன்ரெனா கொணர்ந்த அலையை வாங்கிப் படமாக்கித் தந்தது. அதற்கு வாங்கத் தெரியும், கொடுக்கத் தெரியாது. இன்றைய பெட்டியோ உருவத்தால் மட்டுமே தொலைக்காட்சி. உள்ளத்தால் அது ஒரு கணினி. இணையத்தோடு அது பூண்டுள்ள உறவு இருவழிப் பாதை. அவ்வழியால் படம் வருகிறது. அதே வழியால் செய்தி போகிறது.

பயன் யாது?

இக்கருவியைப் பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஒளிபரப்பாளர் குறித்த நேரத்துக்காகக் காத்திருந்த காலம் போய், நாம் விரும்பிய வேளையில் விரும்பியதைக் காணும் காலம் வந்துள்ளது. உயிரியல் பாடத்தில் இதயத்தின் இயக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிய ஆசிரியர், இன்று அதனை அசையும் படமாகவே வகுப்பு முழுவதுக்கும் காட்டலாம். செவிப்புலன் குன்றியோர் வசனங்களைத் திரையின் அடியிலே எழுத்தாக வாசிக்கின்றனர். பார்வை குன்றியோருக்குத் திரையிலுள்ள தெரிவுகளைக் குரலால் வாசித்துக் காட்டும் வசதி பல பெட்டிகளில் உண்டு. கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் பேரக்குழந்தையின் முகத்தைத் தேடித் தடுமாறும் முதியவர், அதே முகத்தைச் சுவரளவு பெரிதாகக் கண்டு மகிழ்கிறார். பிள்ளைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் நம்மவரின் இல்லங்களில் இது சிறிய பேறன்று.

இத்தனைக்கும் மேலாக, விலையும் குறைந்துள்ளது. முன்னைய பெட்டியிலும் பெரியது, தெளிவானது, ஆயினும் மலிவானது. இந்த இடத்திலேதான் எனக்கு ஒரு வினா எழுகிறது. தரம் உயர உயர விலை தாழ்வதற்குத் தொழில்நுட்ப வளர்ச்சி ஒரு காரணம். அது ஒன்றுதானா காரணம்?

பெட்டி காணும் விதம்

மக்கள் எதைக் கேட்கின்றனர், எதைப் பார்க்கின்றனர் என்று அறிய விரும்புவது வணிகருக்குப் புதிய ஆசையன்று. அமெரிக்காவின் நீல்சன் நிறுவனம் 1936 ஆம் ஆண்டிலே 'ஓடிமீற்றர்' என்ற கருவியின் உரிமையைப் பெற்று, பின்னர் அதனை வீட்டு வானொலிகளில் பொருத்தி எந்நேரத்தில் எந்நிலையம் கேட்கப்பட்டது என்பதைப் பதிந்தது. ஆனால் அக்கருவி தெரிந்தெடுத்த சில வீடுகளிலேதான் இருந்தது; அவ்வீட்டாரும் அதற்கு உடன்பட்டிருந்தனர். சிலரின் சம்மதத்தோடு பலரின் சுவையைக் கணித்த முறை அது.

இன்றைய முறை வேறு. தன்னியக்க உள்ளடக்க இனங்காணல் எனத்தக்க ஒரு பொறிமுறை பல பெட்டிகளில் உறைகிறது. திரையில் ஓடும் காட்சியிலிருந்தோ ஒலியிலிருந்தோ அது சிறு மாதிரிகளை எடுக்கிறது. அவற்றைக் கைரேகை போன்றதோர் எண் அடையாளமாகச் சுருக்கி, தூரத்திலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. அங்கே ஆயிரமாயிரம் நிகழ்ச்சிகளின் கைரேகைகள் முன்பே சேமிக்கப்பட்டுள்ளன. இரண்டும் பொருந்தியதும், இந்த வீட்டில் இந்த நிமிடத்தில் இந்த நிகழ்ச்சி ஓடியது என்பது பதிவாகிறது.

கலிபோர்ணியா, இலண்டன், மட்ரிட் நகரப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று சாம்சுங், எல்.ஜி. பெட்டிகளை இவ்வகையிற் பரிசோதித்தது. எல்.ஜி. பெட்டி பதினைந்து விநாடிக்கு ஒருமுறையும், சாம்சுங் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறையும் தாம் திரட்டிய அடையாளங்களை அனுப்பியதாக அவ்வாய்வு கூறுகிறது. வேறொரு கணினியைக் கம்பியால் இணைத்துப் பெட்டியை வெறுந்திரையாகப் பயன்படுத்திய பொழுதும் அப்போக்குவரத்து நிகழ்ந்தது. மடிக்கணினியை இணைத்து மாணவரின் புள்ளிப் பட்டியலைத் திரையிற் காட்டும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நன்று. அதேவேளை இரண்டு உண்மைகளை மறைத்தல் கூடாது. கைரேகை என்பது முழுப்படம் அன்று. சேமிப்பில் இல்லாத ஒன்றைப் பெட்டி இனங்காண இயலாது. மேலும், அமைப்புப் பகுதியிற் புகுந்து உடன்பாட்டை மீளப் பெற்றபின் அப்போக்குவரத்து நின்றது என்பதையும் அதே ஆய்வாளர் கண்டனர். பூட்டு இருக்கிறது. ஆனால் அது திறந்த நிலையிலேயே விற்கப்படுகிறது. சாவி இருக்கும் இடத்தை வாங்குபவர் தேடிக் காணவேண்டியுள்ளது.

ஒரு வழக்கும் அதன் பாடமும்

இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடமின்றி வெளியான வரலாறு விசியோ என்னும் அமெரிக்க நிறுவனத்தினுடையது. 2014 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நிறுவனத்தின் 1 கோடி 10 இலட்சம் பெட்டிகள் வீட்டாரின் பார்வையை விநாடிதோறும் பதிந்தன என்று அமெரிக்கக் கூட்டாட்சி வாணிப ஆணைக்குழுவும் நியூ ஜேர்சி மாநிலச் சட்டமா அதிபரும் குற்றஞ்சாட்டினர். நாளொன்றுக்கு 10,000 கோடி வரையான தரவுத் துளிகள் திரண்டன. முன்பே விற்பனையான பழைய பெட்டிகளுக்குள்ளும் தூரத்திலிருந்தவாறே இம்மென்பொருள் புகுத்தப்பட்டது. நிகழ்ச்சிப் பரிந்துரைக்கான வசதி என்ற இனிய பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. திரட்டியவை மூன்றாம் தரப்பினருக்கு விற்கப்பட்டன. வீட்டாரின் வயது, பால், வருமானம், மணநிலை, கல்வி ஆகிய விபரங்கள் அவற்றோடு பொருத்தப்படுவதற்கும் வழி செய்யப்பட்டது.

2017 பெப்ரவரியில் 22 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டு விசியோ அவ்வழக்கை முடித்துக்கொண்டது. 2016 மார்ச் மாதத்துக்கு முன் திரட்டியவற்றை அழிக்கவும், இனிமேல் தெளிவாகச் சொல்லி வெளிப்படையான சம்மதம் பெறவும் பணிக்கப்பட்டது. வழக்கு முடிந்தது; வணிகம் முடியவில்லை. 2021 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டிலே பெட்டி விற்று அந்நிறுவனம் ஈட்டிய மொத்த இலாபத்திலும், விளம்பரமும் தரவும் சார்ந்த பிரிவு ஈட்டியது இரு மடங்குக்கு மேற்பட்டது. 2024 டிசெம்பரில் வோல்மார்ட் என்னும் பெருங்கடை நிறுவனம் ஏறத்தாழ 230 கோடி டொலருக்கு விசியோவை விலைக்கு வாங்கி முடித்தது. விலை ஏன் தாழ்ந்தது என்ற நமது வினாவுக்கு இங்கே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. பெட்டியை நாம் வாங்கும்பொழுது வியாபாரம் முடிவதில்லை; தொடங்குகிறது.

ஏனைய நிறுவனங்களும் குறைகூறலுக்குத் தப்பவில்லை. 2013 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஒருவர் தமது எல்.ஜி. பெட்டி, அவ்வசதியை நிறுத்திய பின்னரும் செய்தி அனுப்புவதைக் கண்டுபிடித்தார். நிறுவனமும் ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. குரலால் கட்டளையிடும் வசதியைப் பயன்படுத்துகையில் அருகே பேசப்படும் தனிப்பட்ட சொற்களும் மூன்றாம் தரப்பைச் சென்றடையலாம் என்று சாம்சுங் தன் கொள்கை விளக்கத்தில் எழுதியிருந்தது 2015 ஆம் ஆண்டு பெரும் சர்ச்சையாயிற்று. பலர் ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளியிட்ட நாவலின் திரையை நினைவுகூர்ந்தனர். நிறுவனம் தன் விளக்கத்தைத் திருத்தி எழுதியது. 2025 டிசெம்பரில் ரெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர் சாம்சுங், சொனி, எல்.ஜி., ஹைசென்ஸ், ரி.சி.எல். ஆகிய ஐந்து நிறுவனங்கள் மீதும் இதே பொருள் பற்றி வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் வினா தீர்ந்துவிடவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

மறைக்க என்ன இருக்கிறது?

"நான் பார்ப்பது செய்தியும் நாடகமும்; அதனை எவன் அறிந்தால் எனக்கென்ன?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. அதற்கு அமெரிக்க வரலாறு ஒரு விடை தருகிறது. 1987 ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட றொபேட் போர்க் என்னும் நீதிபதி வாடகைக்கு எடுத்த வீடியோப் படங்களின் பட்டியலை வொஷிங்டன் வாரப் பத்திரிகையொன்று கடையிலிருந்து பெற்று வெளியிட்டது. பட்டியலில் நாணத்தக்கது எதுவும் இருக்கவில்லை. இருந்தும் நாடு திடுக்கிட்டது. 1988 இலேயே வீடியோப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கச் சட்டம் பிறந்தது. கெட்டது வெளிப்பட்டதால் எழுந்த கோபமன்று அது. ஒருவர் தம் வீட்டிலிருந்து பார்த்தது ஊரின் வாய்க்கு வந்ததே என்பதனால் எழுந்த கோபம்.

நமக்கு அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. மின்சாரம் அற்றுப்போன 1990 களில் யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சக்கரத்தை ஒருவர் சுற்ற, செய்தியை ஒரு வீடு கேட்டது. எந்த நிலையத்தைக் கேட்கிறோம் என்பதே ஒருவரின் நிலைப்பாட்டுக்குச் சான்றாகக் கொள்ளப்படக்கூடிய காலம் அது. அந்தச் சிறு வானொலி தான் எதனை ஒலித்தது என்பதை எவருக்கும் சொல்லவில்லை. இன்று அதே வீட்டில் இருக்கும் பெட்டி சொல்லவல்லது. ஒருவர் எந்தச் செய்தியைத் தேடிப் பார்த்தார், எந்த நோய் பற்றிய விளக்கத்தை நள்ளிரவில் பார்த்தார், எந்தச் சமயத்தாரின் உரையைக் கேட்டார் என்பவை ஒன்றுசேர்ந்தால், அவரது நண்பரும் அறியாத உருவம் ஒன்று எழுதப்பட்டுவிடும். அதனை இன்று வைத்திருப்பவர் வணிகர். நாளை அதனைக் கேட்பவர் யார் என்பதை இன்று எவரும் உறுதிகூற இயலாது.

வள்ளுவர் ஒற்றாடலை ஓர் அதிகாரமாக வகுத்தார். ஆனால் அதனைப் பொருட்பாலில், அரசனுக்குரிய கடன்களிடையே வைத்தார். நாடு காக்கும் பொறுப்புடையவனுக்கே, அதுவும் நெறிகளோடு, அக்கருவியை அளித்தார். சவர்க்காரம் விற்பவன் தன் வாடிக்கையாளரின் வீட்டுக்குள் ஒற்றனை அமர்த்தலாம் என்பதற்கு அந்நூலில் இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரத்தை முற்றாக வெறுப்பவன் அல்லன் நான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இப்பத்திரிகையையும் விளம்பரம் தாங்குகிறது. ஆனால் பத்திரிகை விளம்பரம் எல்லோருக்கும் ஒன்றாகவே பேசுகிறது. வாசகர் பக்கம் புரட்டுவதை அது எண்ணுவதில்லை. நம்மூரிலே இரு வீட்டாருக்கு இடையிலுள்ள வேலியில் பொட்டு வைப்பதுண்டு. அவ்வழியால் கறிச்சட்டியும் போகும், கதையும் போகும். அதனை எவரும் அத்துமீறலாகக் கொள்வதில்லை. ஏன்? இரு வீட்டாரும் அறிய வைத்த வழி அது. வேண்டாத நாளில் ஒரு கிடுகை வைத்து அடைத்துவிடலாம். ஒருவர் மட்டும் அறிய, இருளிலே கிடுகை விலக்கிப் பார்ப்பதற்கு ஊரார் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். திறன்மிகு பெட்டியிடமும் நான் வேண்டுவது வேலிப் பொட்டின் ஒழுக்கத்தையே.

செய்யத்தக்கவை

பெட்டியை வீசிவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். அதன் அமைப்புப் பகுதியைத் திறந்து, சாம்சுங் எனில் 'வியூயிங் இன்பர்மேஷன் சேர்விசஸ்', எல்.ஜி. எனில் 'லைவ் பிளஸ்' என்ற பெயர்களிலோ அவற்றை ஒத்த பெயர்களிலோ இருக்கும் வசதியை நிறுத்திவிடலாம். குரற்கட்டளை வேண்டாதோர் அதனையும் நிறுத்தலாம். கமரா இருந்தால் அதனை மூடிவைக்கலாம். அமெரிக்கப் புலனாய்வுப் பணியகத்தின் போட்லண்ட் அலுவலகமே 2019 இல் கமராக் கண்ணின் மேல் கறுப்பு நாடா ஒட்டுமாறு அறிவுரை கூறியது. இணையம் தேவையற்ற வீட்டார் இணைக்காமலே விடலாம். ஆனால் அவ்வாறு செய்தால் மேற்கூறிய பயன்களில் பெரும்பகுதியை இழக்க நேரும். வெளியே வேறொரு சிறு பெட்டியைப் பொருத்தினால் தீர்ந்தது என்று எண்ணுவோர், அச்சிறு பெட்டியும் தரவு திரட்டக்கூடியது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

எனினும் தனிமனிதரின் விழிப்பு மட்டும் போதாது. ஆங்கிலத்தில் நீண்டுசெல்லும் நிபந்தனைகளை வாசித்து விளங்கி 'ஆம்' என்று அழுத்துபவர் நம்முள் எத்தனை பேர்? விளங்காத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் பிற்போடப்பட்டது. அச்சட்டம் முழு வலுவோடு இயங்கவேண்டும் என்று கேட்பது சட்டத்தரணிகளின் வேலை மட்டுமன்று. விற்பனைக்கு வரும் பெட்டியில் இவ்வசதி மூடிய நிலையில் இருத்தல் வேண்டும். திறப்பதாயின் தமிழிலும் சிங்களத்திலும் சில வரிகளில் விளக்கம் தந்து கேட்டல் வேண்டும். மறுத்தவருக்கும் பெட்டி குறைவின்றி இயங்குதல் வேண்டும். இம்மூன்றும் மிகைப்பட்ட கோரிக்கைகள் அல்ல.

தராசின் ஒரு தட்டில் பயன் இருக்கிறது, அது பொய்யன்று. மறுதட்டில் இருப்பது, மனிதன் தன் வீட்டுக்குள்ளே எவர் கணக்கிலும் சேராமல் சிரிக்கவும் அழவும் கற்கவும் உள்ள உரிமை. முன்னையதைப் பெறுவதற்குப் பின்னையதைக் கொடுத்தே தீரவேண்டும் என்று தொழில்நுட்பம் கட்டளையிடவில்லை. வணிகமே அவ்வாறு ஏற்பாடு செய்துள்ளது. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றலாம். மாணவருக்கு எழுத்தறிவு ஊட்டும் ஆசிரியர்கள், இக்கருவிகளின் மௌன மொழியையும் வாசிக்கக் கற்பிப்பார்களாயின் அம்மாற்றத்துக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.