நடுவரின் தீர்ப்பும் சிறுவரின் உரிமையும்

திருவண்ணாமலையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கபடி ஆடும் நம் பிள்ளைகளுக்கு, நடுவர் ஊதும் விசில் அன்றைய வெற்றி தோல்வியோடு முடிந்துவிடும் காரியமன்று. மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிப் பெறுகின்ற சான்றிதழ்களே உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென உள்ள 3 சதவீத இடங்களுக்கும் ஆதாரமாதலால், பக்ஷபாதமான ஒரு தீர்ப்பு ஏழைக் குடும்பமொன்றின் எதிர்காலத்தையே பாதிக்கக்கூடும்.

ஆயினும், கண் செய்யும் பிழை வேறு. மனம் செய்யும் பிழை வேறு. பாடிவரும் பையன் போனஸ் கோட்டைத் தாண்டிய கணத்தில் அவனுடைய பின்கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா என்பதை, சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோன மண்களத்தில், நாற்புறமும் கூச்சல் எழும்போது நிச்சயிப்பது எளிதன்று. காணொளி வசதி இருந்த 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதிப் போட்டியிலேயே, களத்தின் ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்தது பற்றிய தகராறால் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தடைபட்டது. ஆகவே நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழையைப் பொறுப்பதும், இடைவேளையில் கோடுகளை மீண்டும் போடச் சொல்லிக் கேட்பதுமே விவேகம்.

பாரபட்சம் பொறுக்கத்தக்கதன்று. போட்டியிடும் பள்ளியின் ஆசிரியரே நடுவராக நின்றால், ஆட்டம் தொடங்குமுன்பே பயிற்சியாளர் ஆட்சேபிக்கலாம். ஆட்டத்தின் நடுவே அணித்தலைவன் மட்டும் நிதானமாகப் பேசுவதே முறை. ஆத்திரத்தில் வசைபாடினால் பச்சை அட்டை எச்சரிக்கும், மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியேற்றும், சிவப்பு அட்டை ஆட்டத்தை விட்டே அகற்றும். 2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவில், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் எழுந்த தகராறு முற்றித் தமிழக வீராங்கனைகள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்ததை நினைத்தால், களத்தில் வாக்குவாதம் வளர்ப்பதன் அபாயம் நன்கு விளங்கும்.

பரிகாரம் எழுத்தில் உள்ளது. முறையீட்டுக்குரிய கால வரம்பும் கட்டணமும் போட்டிக்குப் போட்டி மாறுபடுமாதலால் அவற்றை முன்னரே கேட்டறிந்து, ஆட்டம் முடிந்தவுடன் புள்ளிப் பட்டியலின் பிரதியோடும் கைப்பேசிப் பதிவோடும் அமைப்பாளரிடம் மனு அளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே நியாயம் கிட்டாவிடில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நாடலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அரசு நடத்தும் போட்டியாயின், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, வீரர் தேர்வு பற்றிய விவரங்களை 30 நாட்களுக்குள் பெறலாம்.

நடுவரோ பயிற்சியாளரோ பிள்ளையை அடித்தாலும், சாதி சொல்லி இழிவுபடுத்தினாலும், தகாத முறையில் தொட்டாலும் அது விளையாட்டு விவகாரமன்று, குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே அழையுங்கள். பாலியல் குற்றமாயின், அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதித்த கடமை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைப்பதும் தண்டனைக்குரியது.

பெற்றோர்களே, நடுவரை மதிக்கவும் அநீதியை எழுதிக் கேட்கவும் பிள்ளைகளுக்கு ஒருங்கே கற்பியுங்கள். அவர்கள் சார்பில் போடவேண்டிய கையெழுத்துக்கு ஒருநாளும் அஞ்சாதீர்கள்.