கூதிர்காலப் பண்டிகைகளும் நம் குழந்தைகளும்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஓசூரின் முகம் மாறிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் ஆதலால், சமவெளி ஊர்கள் வெயிலில் வாடிக்கொண்டிருக்கும்போதே இங்கு விடியற்காலையில் குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கும். பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பகுதிகளிலிருந்து சாமந்தியும் செண்டுமல்லியும் ரோஜாவும் சந்தைக்கு வந்து குவியும். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். அவ்விரு காலங்களும் சந்திக்கும் இந்நாள்களில்தான் நவராத்திரி, ஆயுத பூஜை, விஜயதசமி, தீபாவளி, கார்த்திகைத் தீபம் எனக் குழந்தைகள் ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருக்கும் விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் இது. ஒரு வீட்டில் கொலு வைத்திருப்பார்கள். அடுத்த வீட்டில் அதற்குப் ‘பொம்மல கொலுவு’ என்று பெயர். தீபாவளியும் இங்கு ஒரே நாளில் முடிவதில்லை. நரக சதுர்த்தசியன்று தமிழ்க் குடும்பங்களில் தொடங்கும் கொண்டாட்டம், கன்னடக் குடும்பங்களின் பலிபாட்யமி வரை நீள்கிறது. மகிழ்ச்சி பெருகும் இந்நாள்களில் கவனம் சற்றே தளர்வதும் இயல்பு. குழந்தை நலப் பிரிவுக்கு இக்காலத்தில் வரும் துன்பங்களுள் பல, சில நிமிட முன்னெச்சரிக்கையால் தவிர்த்திருக்கக் கூடியவை. அவற்றைப் பற்றியும், நோயுற்ற குழந்தையோடு பண்டிகையை எதிர்கொள்ளும் குடும்பங்களைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

சுண்டலும் பொரிகடலையும்

நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் சுண்டல் உண்டு. ஆயுத பூஜையன்று பொரி, பொட்டுக்கடலை, நிலக்கடலை கலந்த பொட்டலம் வீடுதோறும் வந்து சேரும். பெரியவர்களுக்குச் சத்தான தின்பண்டமாகிய இவையே சிறு குழந்தைகளுக்கு ஆபத்தாக முடியக்கூடும். கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைக்காத குழந்தையால் கடலையை அரைத்து விழுங்க இயலாது. ஓடும்போதோ, சிரிக்கும்போதோ, அழும்போதோ மூச்சை உள்ளிழுத்தால் கடலை உணவுக் குழாய்க்குச் செல்லாமல் மூச்சுக் குழாய்க்குள் நழுவிவிடும். ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு முழு நிலக்கடலை, கொண்டைக்கடலை, தேங்காய்த் துண்டு ஆகியவற்றைக் கொடுக்கலாகாது. சுண்டலை நன்கு மசித்து, உட்கார வைத்து ஊட்டுங்கள். தம்பி, தங்கைக்கு அன்போடு கடலை ஊட்டிவிடும் மூத்த குழந்தைக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. கடலை மூச்சுக் குழாய்க்குள் சென்ற கணத்தில் குழந்தை கடுமையாக இருமும். சற்று நேரத்தில் இருமல் அடங்கிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் ஆறுதல் அடைவர். ஆனால் கடலை நுரையீரலின் கிளைக் குழாய் ஒன்றில் தங்கி, ஊறிப் பருத்து, சில நாள்களில் காய்ச்சலையும் இழுப்பையும் உண்டாக்கலாம். சாதாரண எக்ஸ்ரே படத்தில் கடலை நேரடியாகத் தெரியாது. ஆகவே, “கடலை தின்னும்போது புரை ஏறியது” என்று நீங்கள் சொல்லும் ஒற்றைச் சொல் மருத்துவருக்கு மிகப் பெரிய வழிகாட்டி. இருமல் நின்றிருந்தாலும் அன்றே குழந்தையை அழைத்து வாருங்கள்.

குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். முதுகில் தட்ட வேண்டா. இருமவும் அழவும் முடியாமல் திணறினால் உடனே 108 எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையை முன்புறம் சாய்த்து, இரு தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். பலன் இல்லையெனில், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையை மடக்கி வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவே இரு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே போய்விடும்.

ஆயுத பூஜை நாளில்

ஓசூரைப் போன்ற தொழில் நகரில் ஆயுத பூஜை என்பது ஊரே கொண்டாடும் விழா. கடிகாரமும் இருசக்கர வாகனமும் சரக்குந்தும் உருவாகும் ஊரல்லவா இது! பெரிய ஆலைகள் முதல் ஒற்றைக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் சிறு பட்டறை வரை எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்படும். பல இடங்களில் அன்று தொழிலாளரின் பிள்ளைகளும் உள்ளே வந்து, தந்தையோ தாயோ பணிபுரியும் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெருமிதம் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதே. ஆனால் உள்ளே இருக்கும் வரை குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

திருஷ்டிப் பூசணிக்காய்க்குள் காசு வைத்து உடைப்பதும், சிதறிய காசைப் பொறுக்கக் குழந்தைகள் சாலைக்கு ஓடுவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. வாகனம் செல்லும் சாலையில் அந்த ஓட்டம் உயிருக்கே உலையாகலாம். சிதறிக் கிடக்கும் பூசணித் துண்டுகளில் சறுக்கி விழும் இருசக்கர வாகனங்களும் பல. காயை ஓரமாக உடைத்து, உடனே கூட்டி அள்ளிவிடுவதும் பூஜையின் ஒரு பகுதியே என்று கொள்வோம். வண்டியில் கட்டும் வாழைக்கன்று ஓட்டுநரின் பார்வையை மறைக்காதிருக்கட்டும்.

துப்புரவு செய்யும் இந்நாளே டெங்குக் கொசுவை ஒழிப்பதற்கும் உகந்த நாள். பழைய டயர், உடைந்த தொட்டி, வெற்று டப்பா ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் பெருகும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்க வேண்டா. காய்ச்சல் தணியும் வேளையில் வயிற்று வலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு தோன்றினால் பண்டிகையைப் பாராது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எண்ணெய்க் குளியலும் பட்டாசும்

தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய்க் குளியல் நம் மரபு. கைக்குழந்தைக்கும் மெல்ல எண்ணெய் தடவிக் குளிப்பாட்டலாம். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கக்கூடியது. ஐப்பசிக் குளிரில் ஈரத் தலையோடு விடாமல் உடனே துவட்டிவிடுங்கள்.

பட்டாசு பற்றிப் பேசும்போது நம் பகுதிக்கென ஒரு துயர நினைவு உண்டு. 2023ஆம் ஆண்டு சூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையிலும், அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலும் பட்டாசுக் கிடங்குகளில் நேர்ந்த விபத்துகள் பல உயிர்களைப் பறித்தன. அத்திப்பள்ளியில் மாண்டவர்களுள் பலர், பண்டிகைக் கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள். பட்டாசு வாங்கக் குழந்தைகளைக் கிடங்குகளுக்கும் கூட்டமான கடைகளுக்கும் அழைத்துச் செல்ல வேண்டா. வாங்கியதைச் சமையலறையிலோ பூஜை விளக்கின் அருகிலோ வைக்கவும் வேண்டா.

உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் வரையறுத்ததை ஒட்டி, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். உள்ளே படுத்திருப்பவரின் வீட்டாருக்கு இதன் அருமை தெரியும்.

சிறுவர்க்கு ஏற்றது என்று நாம் கருதும் கம்பி மத்தாப்பின் நுனி, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடியது. எரிந்து முடிந்த கம்பியும் சுடும். அதைப் போட ஒரு வாளி நீரை அருகிலேயே வைத்திருங்கள். பட்டுப்பாவாடையும் நைலான் துணியும் வேண்டா. உடலோடு ஒட்டிய பருத்தி ஆடையும் காலணியும் போதும்.

தீக்காயம் பட்டால் முதல் மருந்து குழாய் நீரே. காயத்தின் மீது 20 நிமிடம் நீரை ஓடவிடுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பற்பசை, பேனா மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டா. அவை காயத்தை ஆழமாக்கும் அல்லது மருத்துவரின் பார்வையிலிருந்து மறைக்கும். தூய துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். கண்ணில் பட்டால் கசக்கவோ அழுத்தவோ கூடாது. காகிதக் குவளை ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உடனே வாருங்கள்.

நோயுற்ற குழந்தையின் பண்டிகை

நெடுநாள் நோயுள்ள குழந்தையின் வீட்டில் பண்டிகை நெருங்கும்போது பெற்றோரின் மனம் இரண்டு பக்கமும் இழுபடும். ‘இன்று ஒரு நாள் மருந்தை விட்டால் என்ன?’ என்று ஒரு பக்கம். ‘நமக்கு எதற்குப் பண்டிகை?’ என்று மறுபக்கம். இரண்டும் வேண்டா.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அன்றாடத் தடுப்பு இன்ஹேலரை ஒரு வேளையும் விடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகை மிகும் வேளையில் சாளரங்களை அடைத்து, உள்ளே விளையாட வைக்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தவே கூடாது. இனிப்பை முற்றிலும் மறுத்தால் குழந்தை ஒளிந்து உண்ணும். உணவோடு அளவான ஒரு துண்டு கொடுத்து, அதற்கேற்ற இன்சுலின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு முறுக்கும் மிக்சரும் உப்பு மிகுந்தவை. உப்புக் குறைத்து வீட்டிலேயே சிறிது செய்து தரலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏறும் குழந்தையைக் கூட்டத்திலிருந்து விலக்கி வையுங்கள், 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், எந்தப் பண்டிகையாயினும், எந்த நள்ளிரவாயினும், விடியும்வரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

மருத்துவமனையிலேயே தங்கியிருக்கும் குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பினால், ஓரிரு நாள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இயலுமாயின், எந்த மருந்து எந்நேரத்தில் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இயலாது என்றால் பாதியில் எழுந்து போய்விட வேண்டா. அடுத்த பண்டிகைகள் அக்குழந்தைக்காகக் காத்திருக்கின்றன. விஜயதசமியன்று ஒரு தட்டு அரிசி படுக்கைக்கு அருகே வந்தால் போதும். ஊசி செருகாத கையால் குழந்தை தன் முதல் எழுத்தை எழுதும். கழுவித் துடைத்த இரண்டு பொம்மைகளும் ஒரு கொலுதான். விளக்கு ஏற்ற வேண்டா. பிராணவாயு செல்லும் இடத்தில் தீ ஆகாது. வண்ணக் காகிதத்தில் வெட்டிய அகல்விளக்கே அங்கு அழகு.

வீட்டில் இருக்கும் மற்றக் குழந்தையையும் மறவாதீர்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்பதால் தன் புத்தாடையை யாரும் பார்க்கவில்லையே என்ற வருத்தம் சிறு நெஞ்சில் நெடுநாள் தங்கும். அரை மணி நேரமேனும் அக்குழந்தைக்கே உரியதாக ஒதுக்குங்கள். துணையிருப்பவரும் ஒரு வேளை மாறிக்கொள்ளட்டும். சித்தியோ மாமாவோ பாட்டியோ வந்து அமரும் அந்த இரண்டு மணி நேரத்தில் தாய் குளித்து, உண்டு, உறங்கி வரலாம். பண்டிகைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் உறவினரிடம், இனிப்புக்குப் பதிலாக அந்த நேரத்தைக் கேளுங்கள்.

இந்தக் கூதிர்காலம் உங்கள் இல்லத்துக் குழந்தைகளுக்கு நலமும் மகிழ்வும் தருவதாகுக.