நாற்று நடுமுன் சந்தையைப் பார்ப்போம்

இடம்பெயர்ந்து வந்த ஒரு விவசாயக் குடும்பம் புதிய காணியில் முதலில் கேட்கும் கேள்வி, "இங்கே என்ன விளையும்?" என்பதாகும். மண்ணை அறிந்தவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். "விளைந்ததை யார் வாங்குவார்? என்ன விலைக்கு?" என்ற இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அறுவடை நாளன்றே எழுகின்றது. அப்போது காலம் கடந்துவிடுகின்றது.

பழைய ஊரில் தெரிந்த சந்தை இருந்தது. தெரிந்த வியாபாரி இருந்தார். அவசரத்துக்குக் கடன் தரும் கடைக்காரரும் இருந்தார். யுத்தத்தினாலோ, நீர்த்தேக்கத்தினாலோ, மண்சரிவினாலோ ஊரைவிட்டு வந்தவர்கள் நிலத்தோடு இந்தத் தொடர்புகளையும் இழந்துவிட்டார்கள். ஆகவேதான் மாத்தளையில் புதிதாகப் பயிர்செய்யத் தொடங்கியுள்ள சில குடும்பங்களுடன் ஒரு வானில் ஏறி, தம்புள்ளைச் சந்தையை ஒருநாள் பார்த்துவர நாம் சென்றோம். அங்கு கண்டதையும் கேட்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

போகும் வழி

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஏ9 வீதி அலுவிகாரை, நாலந்த, நாவுல வழியாகச் செல்கின்றது. மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் நிறைந்த ஈரமான பகுதி மெல்ல மெல்ல மாறி, வரண்ட வலயம் தொடங்குகின்றது.

நாலந்தவில் கெடிகே எனப்படும் பழைய கற்கோவில் உண்டு. 1970களில் போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, நீரில் மூழ்காதிருக்க அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டினார்கள். நாவுலவுக்கு அப்பால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் இருக்கின்றது. அதன் வேலைகள் 2007இல் ஆரம்பமாகின; 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். வயலும் வீடும் விட்டு எழுந்து போன குடும்பங்கள் அங்கும் பல. கோவிலின் கற்களைப் பிரித்து மறுபடியும் அடுக்க முடிந்தது. ஒரு கிராமத்தின் கொடுக்கல் வாங்கலை அப்படித் தூக்கி வைக்க முடியாது. அதை அம்மக்களே புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும்.

தம்புள்ளை ஏன் பெரிய சந்தையாயிற்று?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும், குருநாகல் வழியாகத் திருகோணமலை செல்லும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் தம்புள்ளை. மலைநாட்டின் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி என்பனவும், வரண்ட வலயத்தின் கத்தரி, பூசணி, வெண்டி, பச்சைமிளகாய் என்பனவும் இங்கே ஒன்றுசேர்கின்றன. சுற்றுவட்டாரமான கலேவெல, சீகிரியா பகுதிகளில் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் விளைகின்றது. 1999இல் அரசாங்கம் இங்கே விசேட பொருளாதார மத்திய நிலையத்தைத் திறந்தது. இன்று நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளுள் இது ஒன்றாகும்.

நாம் சென்றபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. லொறிகளும் பட்டாக்களும் உழவு இயந்திரப் பெட்டிகளும் நெருக்கியடித்து நின்றன. மூட்டைகளைத் தோளில் சுமந்த நாட்டாமிகள் "வழி, வழி" எனச் சத்தமிட்டுக்கொண்டு ஓடினார்கள். எம்மோடு வந்த ஒரு தாய், "சாமி, இவ்வளவு கத்தரிக்காயையும் யார் தின்னப் போகிறார்கள்?" என்று கேட்டார். சந்தையின் முழுப் பாடமும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றது.

விலை எப்படி அமைகின்றது?

அன்று வந்திறங்கும் மரக்கறியின் அளவும், வெளியூர் வியாபாரிகள் கேட்கும் அளவுமே விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரே மழையை நம்பி எல்லோரும் ஒரே கிழமையில் நட்டால், எல்லோரும் ஒரே கிழமையில் அறுவடை செய்வார்கள். அப்போது விலை விழுகின்றது. மரக்கறி அழுகக்கூடியது, விலை குறைவு என்று அதைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. வியாபாரிக்கும் அது நன்றாகத் தெரியும்.

சேமித்து வைக்க வசதி இருந்தால் இந்த நெருக்கடி குறையும். இந்திய உதவியுடன் தம்புள்ளையில் கட்டப்பட்ட 5,000 தொன் கொள்ளளவுள்ள குளிரூட்டப்பட்ட களஞ்சியம் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. ஆயினும், கையில் கொஞ்சம் பணம் உள்ளவரால்தான் விலை ஏறும்வரை பொறுத்திருக்க முடியும்.

ஒரு கணக்கு

ஒரு குடும்பம் 500 கிலோ கத்தரிக்காயை 10 மூட்டைகளில் கொண்டுவருகின்றது என வைத்துக்கொள்வோம். விலை கிலோ 120 ரூபா என்றால் மொத்தம் 60,000 ரூபா. மூட்டைக்கு 2 கிலோ வீதம் கழிவு வெட்டினால் 2,400 ரூபா போய்விடும். சாக்குக்கு 1,000, சுமைகூலிக்கு 600, தனியாகப் பிடித்த லொறிக்கு 12,000. கைக்கு வருவது 44,000 ரூபா. அதே லொறியை நான்கு குடும்பங்கள் சேர்ந்து பிடித்தால், ஒரு குடும்பத்தின் பங்கு 3,000 மட்டுமே. அப்போது கைக்கு 53,000 ரூபா வரும். விலை ஒரு சதமும் ஏறவில்லை. ஆனாலும் 9,000 ரூபா மிச்சம்.

முற்பணம் என்னும் கயிறு

காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே விதைக்கும் பசளைக்கும் வியாபாரியிடமே முற்பணம் வாங்குகின்றார்கள். அப்படி வாங்கியவர் தமது விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியவராகின்றார். நாம் பேசிய ஒரு விவசாயி, பக்கத்துக் கடையில் கூடிய விலை கேட்டும் அங்கு போக முடியாமல் நின்றார். வட்டி எவ்வளவு என்று கேட்டோம். "வட்டி இல்லை ஐயா" என்றார். குறைந்த விலையே அந்த வட்டி என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கயிற்றை ஒரே நாளில் அறுக்க முடியாது. ஆனால் பத்துக் குடும்பங்கள் மாதாமாதம் சிறுதொகை சேமித்தால், விதைக்கான பணத்தையாவது தமக்குள்ளேயே கடனாகக் கொடுக்கலாம். சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் எம் நாட்டில் 1906 முதல் இதையே செய்து வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

1. நடுவதற்கு முன் சந்தைக்குப் போய், எப்பயிர் எம்மாதத்தில் குறைவாக வருகின்றது என்று விசாரியுங்கள்.

2. மத்திய வங்கியும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவகமும் வெளியிடும் தம்புள்ளை மொத்த விலைகளைக் கையடக்கத் தொலைபேசியில் பார்க்கலாம். பிள்ளைகளைக் கொண்டு பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

3. ஒரு கடையோடு நில்லாமல், குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது நல்லது. "கீயத?" என்று விலை கேட்கவாவது எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்.

4. பழுதானதையும் சிறியதையும் வீட்டிலேயே பிரித்தெடுங்கள். தக்காளி போன்றவற்றை மூட்டையில் அடைக்காமல் பிளாஸ்டிக் கூடைகளில் கொண்டு செல்லுங்கள்.

5. வீட்டில் நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள். கழிவு எவ்வளவு என்பதை மூட்டை இறக்கும் முன்னரே பேசி, துண்டு கேட்டு வாங்குங்கள்.

தனியாக மூட்டையோடு போய் நிற்பவர் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். கணக்குத் தெரிந்து கூட்டாகப் போகிறவர்களோடு வியாபாரியும் வேறுவிதமாகவே பேசுவார். நீங்கள் இழந்த சந்தை உறவுகளை வேறு எவரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. அடுத்த போகத்துக்கு முன் உங்கள் கிராமத்திலிருந்தும் ஒரு வான் தம்புள்ளைக்குப் புறப்படட்டும்.

குழுவில் கலந்துரையாட

அ. கடந்த போகத்தில் எமது விளைச்சலின் விலையைத் தீர்மானித்தவர் யார்?

ஆ. எம்மில் எத்தனை குடும்பங்கள் முற்பணம் வாங்கியுள்ளன? அதற்காக உண்மையில் எவ்வளவு இழந்தோம்?

இ. ஒரே லொறியில் சேர்ந்து கொண்டுபோக எமக்குத் தடையாக இருப்பது எது?