ஒத்திவைத்த நிகழ்ச்சியும் கொடுத்த பணமும்

கட்டணம் பெற்று நடத்தப்பெறும் நிகழ்ச்சிகள் நாள் மாறும்போதெல்லாம் ஒரே வகையான அறிவிப்பு வெளிவருகின்றது. தவிர்க்க இயலாத காரணங்களால் நிகழ்ச்சி வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. முன்பு வாங்கிய நுழைவுச் சீட்டுகள் புதிய நாளுக்கும் செல்லும் என்பது அதன் சாரம். இலக்கண நோக்கில் இவ்வறிவிப்பைச் சற்று நிறுத்திப் படித்தல் வேண்டும். முதல் வாக்கியம் செயப்பாட்டு வினையில் முடிகின்றது. ஒத்திவைத்தவர் யார் என்று அது சொல்வதில்லை. இரண்டாம் வாக்கியம் சீட்டு 'செல்லும்' என்று சலுகை வழங்குவது போல் ஒலிக்கின்றது. புதிய நாளில் வர இயலாதவரின் பணம் என்னவாகும் என்பதற்கோ ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தை 'பணம் கிடையாது' என்று நம்மில் பலர் படித்துவிடுகின்றோம். சட்டம் அவ்வாறு படிப்பதில்லை என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டு ஒன்றைச் சுங்கை வேயிலிருந்தே கற்பனையாக அமைத்துக்கொள்வோம். இங்குள்ள படிவம் ஐந்து மாணவி ஒருத்தி, பிரிக்பீல்ட்ஸ் அரங்கம் ஒன்றில் சனிக்கிழமை மாலை நடைபெறவிருக்கும் இசை நிகழ்ச்சிக்கு 120 ரிங்கிட் கொடுத்துச் சீட்டு வாங்குகின்றாள். ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுத்தர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடந்துபோகும் தொலைவுதான். இரண்டு வாரம் கழித்து நிகழ்ச்சி கிள்ளானுக்கு, அதுவும் புதன்கிழமை இரவுக்கு மாற்றப்படுகின்றது. கிள்ளானும் அதே ரயில் தடத்தில்தான் உள்ளது, எதிர்த்திசையில். பாடகர் அவரே, பாடல்களும் அவையே. ஆயினும் மறுநாள் காலை அவளுக்கு எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வு. அவள் வாங்கியது பாடலையா, சனிக்கிழமை மாலையையா?

தமிழிலக்கணம் இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விடை வைத்திருக்கின்றது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவை எட்டு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் வகுக்கின்றது. செயல், அதனைச் செய்பவர், செய்யப்படும் பொருள் ஆகியவற்றோடு இடம், காலம், கருவி என்பனவும் அவ்வெட்டில் அடங்கும். யாருக்காக, என்ன பயனுக்காக என்பனவும் அடங்கும். இடமும் காலமும் தொழிலுக்கு வெளியே ஒட்டிவைத்த அலங்காரங்கள் அல்ல, தொழிலின் உறுப்புகள். ஒப்பந்தச் சட்டம் இந்நூலைப் படித்து எழுதப்பட்டதன்று. எனினும் சீட்டில் அச்சிட்ட நாளையும் அரங்கத்தையும் அது பார்க்கும் பார்வை ஏறத்தாழ இதுவே.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றியது. நம் முன்னோரைப் போல் அதுவும் கடல் கடந்து வந்ததுதான். பிரிவு எண்கள் சில இடங்களில் ஒன்று தள்ளி அமைந்திருப்பதைத் தவிர, உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றது. அதன் 56ஆம் பிரிவு, காலமே ஒப்பந்தத்தின் சாரமாக இருக்கும்போது, குறித்த காலத்தில் செய்யத் தவறினால் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளும் விருப்புரிமையை வாக்குறுதி பெற்றவருக்குத் தருகின்றது. 63ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மாற்றுதல் இரு தரப்பும் உடன்பட்டால் நிகழ்வது என்னும் அடிப்படையில் அமைந்தது. மிக முக்கியமானது 64ஆம் பிரிவு. நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துத் தரும் உரிமை யாருக்கு உண்டு என்று அது பேசுகின்றது. வாக்குறுதி கொடுத்தவருக்கு அன்று, பெற்றவருக்கு. நிகழ்ச்சியைப் பொறுத்தவரை வாக்குறுதி பெற்றவர் சீட்டு வாங்கியவரே ஆவார். ஆகவே 'ஒத்திவைத்தோம்' என்று ஏற்பாட்டாளர் அறிவிப்பது, சட்ட நோக்கில், 'நீட்டித்துத் தருவீர்களா?' என்னும் வேண்டுகோளே.

வேண்டுகோளை ஏற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 56ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, காலந்தாழ்ந்த நிறைவேற்றத்தை ஏற்றுக்கொண்டவர், ஏற்கும் நேரத்திலேயே தம் கருத்தைத் தெரிவித்திருந்தால் அன்றி, தாமதத்துக்கு இழப்பீடு கோர முடியாது. புதிய நாளில் பேசாமல் சென்று அமர்ந்து கைதட்டிவிட்டு, பழைய நாளுக்காக வாங்கிய விமானச் சீட்டின் விலையைப் பிறகு கேட்பது இயலாது.

எந்த மாற்றம் பணத்தைத் திரும்பக் கேட்கும் அளவுக்குப் பெரியது என்பதே அடுத்த வினா. இதற்குச் சட்ட நூல்களில் மீண்டும் மீண்டும் வருவது ஒரு முடிசூட்டு விழா. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26ஆம் நாள் இலண்டனில் நடைபெறவிருந்தது. ஊர்வலம் செல்லும் தெருக்களில் சன்னலுள்ள அறைகளை மக்கள் பெரும்பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்திருந்தனர். இரண்டு நாள் முன்பு மன்னருக்குக் குடல்வால் நோய்க்காக அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது; விழா ஆகஸ்ட் 9ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. வழக்குகள் குவிந்தன. பால்மால் தெருவில் 75 பவுனுக்கு அறை பேசி 25 பவுன் முன்பணம் கொடுத்த ஹென்றி என்பவர் எஞ்சிய தொகையைத் தர வேண்டியதில்லை என்று 1903இல் தீர்ப்பாயிற்று. அறை இருந்தது, சன்னலும் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் அடித்தளம் ஊர்வலமே என்றது நீதிமன்றம்.

அதே விழாவையொட்டிக் கடற்படை அணிவகுப்பும் நிகழவிருந்தது. அதனைப் பார்க்கவும் கப்பல்களைச் சுற்றிவரவும் ஹட்டன் என்பவர் ஒரு நீராவிப் படகை அமர்த்தியிருந்தார். அணிவகுப்பு நின்றது, ஆயினும் போர்க்கப்பல்கள் அங்கேயே நங்கூரமிட்டு நின்றன, சுற்றிவருதல் இயலும். அவர் பணம் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகின்றது. வாங்கியதன் உயிர் போய்விட்டதா, ஒரு பகுதிதான் குறைந்ததா என்பதே வினா. ஒரே கட்டடத்தில் முதல் மாடி மண்டபத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு மாறுவது கப்பல் வழக்கைச் சேர்ந்தது. சனி மாலை பிரிக்பீல்ட்ஸ் புதன் இரவு கிள்ளானாவது, என் கருத்தில், ஊர்வல வழக்கைச் சேர்ந்தது.

அக்காலத்துத் தீர்ப்புகளில் கொடுமையான ஒன்றும் உண்டு. 141 பவுன் 15 சில்லிங்குக்கு அறை பேசி 100 பவுனை முன்பே கட்டிவிட்ட சாண்ட்லர் என்பவருக்கு அந்த நூறும் திரும்பவில்லை. மீதித் தொகையையும் கட்டச் சொன்னது நீதிமன்றம். இழப்பு எங்கு விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பது அன்றைய கொள்கை. அதை மாற்ற இங்கிலாந்துக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆயிற்று. 1943இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் இவ்வழக்குகளுக்கு முப்பது ஆண்டு முன்பே நேர்வழியில் சென்றுவிட்டது. ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதனால் நன்மை பெற்றவர் அதைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது அதன் விதி. மலேசியச் சட்டத்தில் அது 66ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே காட்டும் உதாரணங்களுள் ஒன்று, நம் பொருளுக்கென்றே எழுதியது போல, ஒரு பாடகரைப் பற்றியது. ஆயிரம் முன்பணம் வாங்கிய பாடகர் நோயுற்றுப் பாட இயலாமற் போனால், நிகழ்ச்சி நடந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இலாபத்தை அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. வாங்கிய ஆயிரத்தையோ திருப்பித் தந்தாக வேண்டும். தவறு யாருடையதும் இல்லை என்பது இலாபத்துக்குத் தடை; முன்பணத்துக்குத் தடையன்று. எனினும் யாருடைய பிழையுமின்றி ஒப்பந்தம் குலைந்த இடத்தில், ஏற்பாட்டாளர் முன்னரே செய்த செலவுக்காக ஒரு பகுதியை வைத்துக்கொள்ள 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின்படி நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும்.

அண்மைக்கு வருவோம். ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் சென்னையில் நடைபெறவிருந்து, மழையால் கடைசி நேரத்தில் நின்றது. பழைய சீட்டுகளோடு செப்டம்பர் 10ஆம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பனையூரில் அது நடந்தது. அன்று நேர்ந்த நெரிசலில் சீட்டு வைத்திருந்த பலர் உள்ளே நுழைய முடியாமலே திரும்பினர். மறுநாள், நுழைய இயலாதோர் தம் சீட்டின் நகலை அனுப்பிவைக்குமாறு ரகுமான் அறிவித்தார். ஏற்பாட்டு நிறுவனமும் வருத்தம் தெரிவித்துப் பொறுப்பேற்றது. இந்நிகழ்ச்சியில் நாள் மாற்றம், அரங்கில் இடமின்மை என இரண்டு வேறு குறைகள் உள்ளன. பெருங்குரல் எழுந்தது இரண்டாவதற்கே. முதல் நாளுக்கு விடுப்பெடுத்து வெளியூரிலிருந்து வந்து, அடுத்த நாளுக்கு வர முடியாமற் போனவரின் குறை அந்த ஆரவாரத்தில் அவ்வளவாகக் கேட்கவில்லை. அவர் சீட்டும் செல்லும் சீட்டுதான்; செல்ல முடியாதவர் அவரே.

சீட்டின் பின்புறத்து நிபந்தனைகளுக்கு வருவோம். நாளும் இடமும் மாற்றத்துக்கு உட்பட்டவை, கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்னும் வரிகள் அங்கே பொடி எழுத்தில் நிற்கும். பணம் கட்டும் முன் காட்டப்பெற்ற நிபந்தனைக்கு மதிப்பு உண்டு. அதை இல்லை என்று வாதிடுவது பயனற்றது. ஆனால் அதுவே முடிந்த முடிபும் அன்று. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நியாயமற்ற நிபந்தனைகளைப் பற்றிய ஒரு பகுதியைச் சேர்த்தது. ஒரு நிபந்தனை நியாயமானதா என்று ஆராயும்போது அது பொடி எழுத்தில் அச்சிடப்பட்டதா, படித்துப் புரிந்துகொள்ளக் கடினமானதா என்பதையும் கருதலாம் என்கின்றது அப்பகுதி. பொறுப்பை விலக்கும் நிபந்தனைக்குத் தக்க காரணம் உண்டு என்று மெய்ப்பிக்கும் கடமையையும் விற்றவர் மீதே வைக்கின்றது. மொழிநடையின் தெளிவின்மை சட்டத்தின் முன் ஒரு குறையாகவே எண்ணப்படுகின்றது என்பது மொழி பயில்வோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தமிழ்நாட்டில் 'நுகர்வோர்' என வழங்குவதை நாம் 'பயனீட்டாளர்' என்கின்றோம். தொல்காப்பியம் சொன்ன எட்டாம் உறுப்பாகிய பயன் நம் சொல்லிலேயே இருக்கின்றது. சொற்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டைக் கூறி அமைகின்றேன். நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் விட்டு, முதல் திரும்பும்வரை அவரே அதன் விளைவை அனுபவிக்கச் செய்வதும் பேச்சுவழக்கில் 'ஒத்தி வைத்தல்' எனப்படும். நாள் குறிக்காமல் ஒத்திவைத்த நிகழ்ச்சியில் நம் பணம் கிடப்பதும் அவ்வாறே, விளைவு வேறொருவருக்கு. 'இரத்து' என்பதோ உருது வழியாக நமக்கு வந்த அரபுச் சொல். அதன் மூலப்பொருள்களுள் ஒன்று திருப்பிக் கொடுத்தல். ஏற்பாட்டாளர்கள் இரத்து என்னும் சொல்லைத் தவிர்த்து ஒத்திவைப்பு என்பதையே விரும்புவதற்கு அரபு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நிகழ்ச்சி ஒப்பந்தங்களை நிறைவேற்ற இயலாதோரைக் காக்க அவ்வாண்டுக் கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் இடமளித்தது. அது அக்காலத்துக்கு மட்டும் உரியது. இன்றைய நிகழ்ச்சிக்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

இங்கு ஆசிரியர்களை நோக்கி ஒன்று. பயிலரங்குகளுக்கும் நாடகங்களுக்கும் மாணவரிடம் பணம் திரட்டுபவர்கள் நாமும்தாம். அறிவிப்பை எழுதும்போது செயப்பாட்டு வினையைக் கைவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும். 'ஜூன் 14ஆம் நாள் எங்கள் பள்ளி மண்டபத்தில் நடத்துவதாக அறிவித்த பயிலரங்கை ஜூன் 21ஆம் நாளுக்கு மாற்றியுள்ளோம். புதிய நாளில் வர இயலாதவர்கள் ஜூன் 10ஆம் நாளுக்குள் தெரிவித்தால், செலுத்திய 30 ரிங்கிட்டை ஜூன் 17ஆம் நாளுக்குள் திருப்பித் தருவோம்.' இதில் செய்பவர் உண்டு, காலம் உண்டு, இடம் உண்டு, தொகை உண்டு. இத்தகைய வாக்கியத்தை எழுதிக் காட்டுமாறு வகுப்பில் ஒரு பயிற்சியும் கொடுக்கலாம்.

பணம் கொடுத்தவர் பக்கத்தில் செய்ய வேண்டியது எளிது. முதல் விளம்பரத்தையும் சீட்டையும் மாற்ற அறிவிப்பையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். புதிய நாளை ஏற்கவில்லை, பணத்தையே கேட்கின்றேன் என்று எழுத்தில், அறிவிப்பு வந்த சில நாளுக்குள் தெரிவித்தல் வேண்டும். தொலைபேசியில் சொன்ன சொல் காற்றோடு போகும். மறுமொழி இல்லையெனில், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கின்றது. மலாயில் 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். கட்டணம் 5 ரிங்கிட். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கின்றது. பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கு இடமில்லை. கோருபவர் தாமே பேசுவார். படிவத்தில் தம் குறையைச் சுருக்கமாக எழுத வேண்டும்: எந்த நாளுக்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு கொடுத்தேன், எந்த நாளாக, எந்த இடமாக மாறியது, எந்நாளில் பணத்தைக் கேட்டேன். கோரிக்கை எழுந்து 3 ஆண்டுகளுக்குள் படிவம் சென்று சேர்தல் வேண்டும். மறுதேதி வரும் என்று காத்திருந்து அக்கணக்கு எங்கே தொடங்கியது என்னும் வாதத்துக்கு இடங்கொடாமல், முதல் நாள் தவறிய வாரத்திலேயே எழுதிவிடுவது நன்று.