பிளாஸ்டிக்கில் குடியேறும் கடல் கிருமிகள்

கடல்நீரில் தனித்து நீந்தித் திரியும் பாக்டீரியாவும், ஒரு பரப்பில் ஒட்டிக் கூட்டமாக வாழும் அதே பாக்டீரியாவும் நடத்தையில் பெரிதும் வேறுபடுகின்றன. ஒட்டி வாழ்பவை தாமே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கும். அப்பசையையும் அதனுள் அடங்கிய உயிர்களையும் சேர்த்து உயிர்ப்படலம் என்பர். ஆற்றுப் பாறையில் காலை வழுக்கிவிடும் வழுவழுப்பும் பெரும்பாலும் இத்தகைய படலமே. கடலில் இதற்குப் புதிதாக வாய்த்திருக்கும் பரப்பு, எளிதில் மட்காத பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் துண்டு கடலில் விழுந்த சிறிது நேரத்திலேயே, நீரில் கரைந்துள்ள புரதம், சர்க்கரை முதலிய கரிமப் பொருள்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, பாக்டீரியா ஒட்டுவதற்கு வழிசெய்கின்றன. விப்ரியோ என்னும் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் காற்புள்ளி போல் வளைந்தவை. முனையிலுள்ள கசையிழையைச் சுழற்றி நீந்தி வந்து, உடலில் உள்ள நுண்ணிழைகளால் பரப்பைப் பற்றிக்கொள்பவை. அப்பேரினத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட காலராக் கிருமி பரப்பில் ஒட்டியதும், அதனுள் சைக்ளிக்-டை-ஜிஎம்பி என்னும் சிறு மூலக்கூறு பெருக, நீந்தும் ஏற்பாடு அடங்கி, பசைச் சர்க்கரையைச் சுரக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. பிறகு ஒரு புரதம் செல்லைச் செல்லோடு கட்ட, மற்றொன்று கூட்டம் முழுவதையும் பரப்போடு பிணைக்கிறது. படலம் முதிர்ந்தபின் சில செல்கள் பிரிந்து நீந்திப் போய் வேறிடத்தில் குடியேறுகின்றன.

விப்ரியோக்கள் யாவும் தீங்கானவை அல்ல. ஆயினும் தீங்கு செய்பவை பிளாஸ்டிக்கில் ஒட்டினால் என்ன நேரும் என்பதை உணர்ந்தவர்களுள் ஹேச்சரி எனப்படும் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தாரும் அடங்குவர். விப்ரியோ ஹார்வேயி என்னும் ஒளிரும் பாக்டீரியா தாக்கிய குஞ்சுகள் இருட்டில் பச்சைநீலமாக மின்னியபடி தொட்டி தொட்டியாக மடியும். அந்த ஒளியும் கூட்டத்தின் விளைவே: ஒவ்வொரு செல்லும் வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறுகள் போதிய அளவு சேர்ந்த பின்னரே கூட்டம் முழுவதும் ஒளிரும். மங்களூர் மீன்வளக் கல்லூரியைச் சேர்ந்த இந்திராணி கருணாசாகர் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இக்கிருமி சிமெண்ட், எஃகு, உயரடர்த்திப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் ஆகிய மூன்றிலும் படலம் அமைப்பதையும், நீரில் மிதக்கும் செல்களைவிடப் படலத்தில் உள்ளவை கிருமிநாசினிகளைக் கூடுதலாகத் தாங்குவதையும் காட்டியது. நீரை மட்டும் சுத்திகரித்த தொட்டியில் நோய் திரும்பத் திரும்ப வந்ததற்கு இது தெளிவான விளக்கம். 

தொட்டிக்கு வெளியே, திறந்த கடலிலும் இதே நிகழ்வு உண்டு. வட அட்லாண்டிக்கில் சேகரித்த துண்டுகளை ஆராய்ந்த எரிக் செட்லர் குழுவினர் 2013இல், ஒரு பாலிபுரோப்பிலீன் துண்டில் கண்ட மரபணுத் தொடர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விப்ரியோவைச் சேர்ந்தது எனப் பதிவு செய்தனர். 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, கடலுணவு வழியே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸை வடகடல், பால்டிக் கடல் நுண்பிளாஸ்டிக்குகளில் கண்டது. மரமும் பாசியும் கிருமிகளைச் சுமப்பவைதாம். ஆனால் அவை மட்கிவிடும், பிளாஸ்டிக்கோ நெடுங்காலம் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். 2025 மே மாதத்தில் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கியதே அதற்குச் சான்று.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை கடலுக்குத் தொலைவான ஊர் என்பதால் இப்பொருள் அதற்கு அயலானதாகத் தோன்றலாம். ஆனால் அவ்வூர் அடங்கிய சித்தூர் வட்டத்தின் ஓடைகளும் சித்தூர்ப்புழையும் 209 கிலோமீட்டர் நீளமுள்ள பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் அரபிக்கடலை அடைபவை; வாய்க்காலில் எறியப்படும் பையும் குப்பியும் மழைக்காலத்தில் அவ்வழியே செல்லக் கூடியவை. ஹேச்சரியில் ஒரு வளர்ப்பு முடிந்ததும் தொட்டியை வடித்து, சுவரையும் குழாயையும் தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு, வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த வளர்ப்பைத் தொடங்குவர். கடலை அவ்வாறு வடித்து உலர்த்த இயலாது என்பதால், பிளாஸ்டிக்கைத் தடுக்க வேண்டிய இடம் பொன்னானிக்கு வெகு முன்னே, சித்தூர் வட்டத்தின் வாய்க்கால் கரைகளில்தான் இருக்கிறது.