தோட்டக்காரர் அல்லர், நில வடிவமைப்பாளர்

லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் என்றால் பூச்செடி நடுபவர் என்று எண்ணிவிடாதீர்கள். நிலத்தின் சரிவு, மண், நீர், நிழல் இவற்றை ஆராய்ந்து இடத்தை வடிவமைப்பவர் அவர்.

திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே பெரும்பகுதி செம்மண் பொட்டல். மழைநீர் மண்ணை அரித்துச் சென்றது. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் அல்லவா? ஆகவே சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்புகள் போட்டார்கள். வேகம் தணிந்தது, நீர் மண்ணுக்குள் இறங்கியது, நட்ட கன்றுகள் காடாயின.

இத்துறைக்கு வர, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். (தாவரவியல் மட்டும் போதாது!) பிறகு 5 ஆண்டு பி.ஆர்க்., அதன்மேல் 2 ஆண்டு எம்.ஆர்க். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இப்பிரிவு உண்டு.

அடுத்த மழையன்று, பள்ளி மைதானத்தில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வரைந்து பாருங்கள்.