சமூக நீதித் தொண்டரை உருவாக்கிய பள்ளிகள்

சமூக நீதி என்னும் சொல் மேடைதோறும் ஒலிக்கின்றது. ஆயினும், அந்நீதிக்காக உழைக்கும் தொண்டர் எவ்வாறு உருவாகின்றனர் என்று நாம் ஆராய்ந்து பார்ப்பது அரிது. அநீதியைக் கண்டு நெஞ்சம் கொதிப்பது இயல்பு. அக்கொதிப்பைப் பயனுள்ள செயலாக மாற்றும் ஆற்றலோ பயிற்சியால் வருவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டம் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

ஹைலேண்டர் மக்கள் பள்ளி

1932ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் மான்டீகிள் என்னும் ஊருக்கு அருகில் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் ஹைலேண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கினர். டென்மார்க் நாட்டு மக்கள் பள்ளிகள் ஹார்ட்டனுக்கு வழிகாட்டின. இங்குத் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. தத்தம் ஊரின் சிக்கல்களோடு வந்தவர்கள், கூடிப் பேசித் தீர்வு தேடினர். முதலில் தொழிற்சங்கத் தொண்டர்களுக்கும், 1950களில் இன ஒதுக்கலை எதிர்த்தோருக்கும் அப்பள்ளி பயிற்சியளித்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ்த் தங்கினர். அக்காலத் தென் மாநிலங்களில் காண்பதற்கரிய அக்காட்சியே அங்கு முதற் பாடமாயிற்று.

1955ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு இரண்டு வாரப் பயிற்சி பெற்றவருள் ரோசா பார்க்ஸ் அம்மையார் ஒருவர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள், மான்ட்கொமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காகத் தம் இருக்கையை விட்டெழ மறுத்தார். அதனைத் தொடர்ந்து அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். உழைத்துக் களைத்த பெண் ஒருவர் தற்செயலாக மறுத்தார் என்று சிலர் கூறுவர். உண்மையில் அவர் 1943 முதல் உரிமைச் சங்கமொன்றின் நகரக் கிளைச் செயலாளராகப் பணியாற்றியவர். ஒரு நொடியில் வெளிப்பட்ட துணிவுக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருந்தது.

கடையின் பின்னறையில் ஒரு வகுப்பு

தென் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் நிகழ்ந்தது நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. வாக்காளராகப் பதிவு பெற விரும்புவோர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கிருந்த விதி. எழுத்தறியாத உழவர்க்கும் கூலிகளுக்கும் அது அடைத்த கதவாயிற்று. எசா ஜென்கின்ஸ் என்பார், தம் பேருந்தில் வேலைக்குச் செல்லும் மக்களுக்குப் பயணத்தின்போதே அச்சட்டப் பகுதியைக் கற்பித்து வந்தார். முறையான பள்ளியொன்று வேண்டுமென ஹைலேண்டரில் அவர் வேண்டினார்.

முதியோர்க்கு அங்கு முன்பே வகுப்புகள் நடந்து, ஆளின்றி நின்றுபோயிருந்தன. காரணம் எளியது. குழந்தைகளின் சிறு நாற்காலிகளில் முதியவர்களை அமர்த்திக் குழந்தைகளைப் போலவே நடத்தினர். அவர்கள் நாணி விலகினர். இதனை உணர்ந்த ஹார்ட்டனும் செப்டிமா கிளார்க்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தேடவில்லை. சார்ல்ஸ்டன் நகரில் அழகு நிலையம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் என்னும் கறுப்பினப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தனர். மக்களைத் தாழ்வாக எண்ணாத மனம் அவருக்கு இருந்தது. வெள்ளை முதலாளியை நம்பி வாழாத தொழில் என்பதால், வேலை போகும் என்ற அச்சமும் இல்லை.

1957 ஜனவரியில், கூட்டுறவாக வாங்கிய ஒரு கட்டடத்தின் பின்னறையில் வகுப்பு தொடங்கிற்று. வெள்ளையர் ஐயுறாதிருக்க முன்பகுதியில் மளிகைக் கடை நடந்தது. நீங்கள் எதைக் கற்க விரும்புகின்றீர்கள் என்பதே ராபின்சன் எழுப்பிய முதல் வினா. தம் பெயரை எழுதவும், பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கவும், பணவிடைப் படிவம் நிரப்பவும் விரும்புவதாக மக்கள் கூறினர். அவையே பாடத்திட்டமாயின. வாக்காளர் படிவமும் அரசியல் சட்டமும் அவற்றோடு சேர்ந்தன. படித்து முடித்தோர் தம் ஊரில் பிறர்க்குக் கற்பித்தனர். இவ்வாறு குடியுரிமைப் பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. எழுத்தறிவுத் தேர்வுகளைத் தடுத்த 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்திற்கு இப்பள்ளிகளில் விழிப்புற்ற மக்களும் களம் அமைத்தனர்.

அடிபடவும் ஒரு பயிற்சி

நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் வேறொரு பயிற்சியை நடத்தினார். 1950களில் நாகபுரியிலுள்ள கல்லூரி ஒன்றில் பணியாற்றியபோது காந்தியடிகளின் அறப்போர் முறையை ஆழ்ந்து கற்றவர் அவர். அவருடைய வகுப்பில் மாணவர் சிலர் வெள்ளையராக நடித்து ஏசுவர், தள்ளுவர். மற்றவர் சினம் காக்கப் பழகுவர். தலையை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதும் பாடமாக இருந்தது. 1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள் உணவகங்களில் அமர்ந்து அறப்போர் தொடுத்தனர். அடியும் சிறையும் அவர்களைக் குலைக்கவில்லை. மே மாதத்தில் அந்நகர உணவகங்கள் சில கறுப்பினத்தவர்க்குத் திறந்தன.

இவற்றால் நாம் அறிவது

முதலாவது, மக்களின் தேவையை மக்களிடமே கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, கற்பிப்பவர் அம்மக்களுள் ஒருவராகவோ, அவர்களை மதிப்பவராகவோ இருத்தல் வேண்டும். மூன்றாவது, இடர் வருமுன்னரே அதனைத் தாங்கப் பழகுதல் வேண்டும். நான்காவது, கற்றவர் மற்றவரை உருவாக்குதல் வேண்டும். ஒரு தலைவரை மட்டும் நம்பிய இயக்கம் அவரோடு சாய்ந்துவிடும்.

இப்பணிக்கு விலையும் உண்டு. உரிமைச் சங்க உறுப்பினர் பதவியை விட மறுத்ததால், ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றிய செப்டிமா கிளார்க் 1956இல் வேலையை இழந்தார். 1961இல் டென்னசி அரசு ஹைலேண்டர் பள்ளியின் உரிமத்தைப் பறித்து மூடியது. எனினும் அவ்வாண்டே அது வேறு பெயரில் நாக்ஸ்வில் நகரில் மீண்டும் எழுந்தது. கட்டடத்தை மூட முடிந்தவர்களால், கற்றுத் திரும்பியவர்களின் நெஞ்சை மூட முடியவில்லை.

கல்லூரியில் பயிலும் நாம் ஊருக்குத் தொண்டாற்ற விழைகின்றோம். சொற்பொழிவைக் குறிப்பெடுத்துக்கொண்டு புறப்படுமுன், ராபின்சன் அம்மையாரின் அந்த முதல் வினாவை நினைவிற் கொள்வோமாக. மக்கள் கூறும் விடையே நம் முதற் பாடநூல்.